முதல் பிராக்டிக்கல் வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்பிக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆராய்ச்சி செய்யலாம் என்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களைத் துறையிலிருந்து ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பிராக்டிக்கல் எடுக்க முடியுமா?" கைச்செலவுக்கு ஆகுமே என்று பலரும் ஒத்துக்கொள்வார்கள். மொரீஷியஸ் தீவில் ரெடுவி என்ற ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நானும் அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு பிற்பகல், மூன்று மணி நேரம். என் கவனமெல்லாம் என் ஆராய்ச்சியில் இருந்தது. வகுப்பை முடித்துவிட்டு ஓடிவந்து என் கருவியின் முன் உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வினிகரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் டைட்ரேஷன்: பியூரெட் என்ற கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழலிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விட்டு, நிறம் மாறி நிற்கும் முடிவுப்புள்ளியில் நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று பார்ப்பது. ஒரு பையன் மூன்றாவது தடவையாகக் கோட்டை விட்டிருந்தான். குடுவையில் அடர்ந்த ரோஜா நிறம். பியூரெட்டின் குழாயை நானே பிடித்துச் செய்து காட்டிவிடலாம் என்று கை நீண்டுவிட்டது. ஏனோ நிறுத்திக்கொண்டு, "இப்படி ஆவதற்குச் சற்று முன்னால் என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன். "சொட்டு விழுந்த இடத்தில் நிறம் வந்தது மிஸ். குடுவையைச் சுழற்றினால் மறைந்துவிட்டது." "ஏன் மறைந்தது?" அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதனால்தான்" என்றான். நான்காவது தடவை அவன் ஒவ்வொரு சொட்டாக விட்டான். நிறம் மறைய நேரம் எடுக்க எடுக்க அவன் கையும் மெதுவாகியது. கடைசியில் வெளிறிய ரோஜா நிறம் ஒன்று வந்து அப்படியே நின்றது. "ஒரே சொட்டு மிஸ்" என்றான், குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது என் ஆராய்ச்சியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்தப் பையனின் நான்காவது குடுவையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கற்பிப்பதில் எனக்கு ஆசை இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. பாடத்தை நன்றாக விளக்கியதால் வந்த மகிழ்ச்சி இல்லை அது. இன்னொருவரின் யோசனை எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க முடிந்ததில் வந்தது. இந்த வேலைக்கு வேண்டியது அந்த ஆர்வம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அது உங்களுக்கு இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. வகுப்புக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்காக, மொரீஷியஸ் வகுப்பறைகளில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை: அதே மேசையில் நீங்கள் செய்து பாருங்கள்

பிராக்டிக்கல் நடக்கும் நாளுக்கு முன்தினம் ஆய்வகத்துக்குப் போங்கள். மாணவர்களுக்குக் கொடுக்கும் அதே கண்ணாடிச் சாமான்கள், அதே கரைசல்கள், அதே குறிப்புத்தாள். உங்கள் ஆராய்ச்சி அறையின் நல்ல கருவிகளைத் தொட வேண்டாம். தாளில் எழுதியிருப்பதை மட்டும் செய்யுங்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்காதீர்கள். தாள் எங்கே உங்களைக் கைவிடுகிறதோ அங்கேதான் நாளைக்கு இருபது பேர் கைதூக்கப் போகிறார்கள்.

டைட்ரேஷனையே எடுத்துக்கொள்வோம். "நிறம் மாறும்வரை சேர்க்கவும்" என்று தாளில் இருக்கும். எந்த நிறம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இருக்காது. நிறம் காட்டும் பொருளாகப் பினாப்தலீன் போட்டிருந்தால், வெள்ளைத் தாளின் மேல் குடுவையை வைத்துப் பார்க்கும்போது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய நிறம், சுழற்றிய பிறகும் அரை நிமிடம் நிற்க வேண்டும். ஆய்வகத்தில் வழக்கமாக இருக்கும் 50 மி.லி. பியூரெட்டில் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. அதாவது, ஒரு சொட்டு கூடினால் அது அளவீட்டில் தெரியும். முடிவுக்குப் பக்கத்தில் வந்ததும் அரைச் சொட்டு விடக் காட்டிக்கொடுங்கள்: குழாயை மெல்லத் திறந்து நுனியில் சொட்டு தொங்கும்போதே மூடி, குடுவையின் உள்சுவரில் ஒற்றி, கழுவும் புட்டியிலிருந்து கொஞ்சம் நீர் பீய்ச்சி உள்ளே இறக்க வேண்டும். இதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. நீங்கள் ஒரு தடவை செய்ய, அவர்கள் ஐந்து தடவை செய்ய வேண்டும்.

இன்னொன்று, உயரம். மாணவர் நின்றபடி மேலிருந்து பார்த்து அளவெடுத்தால் பியூரெட்டில் உண்மையைவிடக் குறைந்த எண்ணைத்தான் படிப்பார். கண் திரவத்தின் வளைவுக்கு நேராக இருக்க வேண்டும். நெட்டையான பிள்ளைகளை முழங்காலை மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டையான பிள்ளைகளுக்கு பியூரெட்டைத் தாங்கியோடு தரையில் இறக்கி வைப்பதில் தவறே இல்லை.

வகுப்பின் முதல் பத்து நிமிடம்

பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டை வாயால் உறிஞ்சக்கூடாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று கையால் காட்டுங்கள். அப்புறம் பெயர்கள். மேசை வாரியாகப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தப்பாகச் செய்ததை மறைக்காது.

கேளுங்கள். பிறகு சும்மா இருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தவர். ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் அவர் காட்டினார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுகிறார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருப்பை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்கிறவர்கள் கூடினார்கள், மாணவர்களே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள்.

மூன்று நொடி என்றால் எழுதும்போது சின்னதாகத் தெரிகிறது. வகுப்பின் முன்னால் நிற்கும்போது அது மலைபோல் நீளும். பழகுவதற்கு நான் செய்த வழி இது: கேள்வியைக் கேட்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று ஐந்துவரை எண்ணுவேன். எண்ணும்போது ஒருவரையே உற்றுப் பார்க்க மாட்டேன், கரும்பலகையையோ மேசையில் இருக்கும் குடுவையையோ பார்ப்பேன். ஒரு பிள்ளையை உற்றுப் பார்த்தால் அது யோசிப்பதை விட்டுவிட்டு, உங்களிடமிருந்து தப்பிக்கும் வழியைத் தேடும்.

கேள்வியும் சரியான கேள்வியாக இருக்க வேண்டும். "புரிந்ததா?" என்பது கேள்வியே இல்லை. நம் ஊரில் அதற்கு எல்லாரும் "வி, மிஸ்", அதாவது ஆமாம் மிஸ், என்பார்கள். "மோ பா கொம்ப்ரான்", அதாவது எனக்குப் புரியவில்லை என்று நாற்பது பேர் நடுவில் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அதற்குப் பதிலாக, செய்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "இந்தக் குடுவையில் நான் இப்போது ஐம்பது மி.லி. தண்ணீர் ஊற்றினால் முடிவுப்புள்ளி மாறுமா, மாறாதா?" அளந்து எடுத்த வினிகர் ஏற்கெனவே குடுவைக்குள் இருப்பதால், நீர் சேர்ந்தாலும் அமிலத்தின் மொத்த அளவு மாறாது, தேவைப்படும் காரமும் மாறாது. ஆனால் பாதிப் பேர் மாறும் என்பார்கள். யார் எதை நம்புகிறார்கள் என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எந்த மொழியில் பேசுவது?

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இது. மொரீஷியஸில் பாடப்புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்தில். பத்திரிகையும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் பிரெஞ்சில். வீட்டிலும் தெருவிலும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் ஊர் மொழி. தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படித்திருப்பார்கள், கோயிலில் தேவாரம் கேட்டிருப்பார்கள், ஆனால் சிந்தனை ஓடுவது கிரியோலில்தான். 2012-ல் கிரியோலையும் தொடக்கப்பள்ளியில் விருப்பப்பாடமாகக் கொண்டுவந்தார்கள்.

என் பழக்கம் இது. கரும்பலகையில் எழுதுவதும் வரையறை சொல்வதும் தேர்வு மொழியில். மேசை மேசையாகப் போய்ப் பேசுவது கிரியோலில். மாணவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும்போது எந்த மொழியில் பேசினாலும் தடுக்க மாட்டேன். யோசிக்கும் மொழியைப் பிடுங்கிவிட்டு யோசி என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் வீட்டுச் சொல்லும் அறிவியல் சொல்லும் ஒரே ஒலியில் இருக்கும் இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். "காஸ்" என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது சமையலறைச் சிலிண்டர். தமிழில் யோசித்தாலும் அதேதான், கிரியோலில் யோசித்தாலும் அதேதான். நான் அதை மறைப்பதில்லை, அதிலேயே தொடங்குவேன். "வீட்டில் இருக்கும் 12 கிலோ சிலிண்டரை லேசாகச் சாய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே என்ன சத்தம் கேட்கும்?" தளும்பும் சத்தம். அப்படியென்றால் உள்ளே இருப்பது வாயுவா, திரவமா? அழுத்தத்தால் திரவமாக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள், திறந்ததும் ஆவியாகி வருகிறது. பெயரில் வாயு, சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவம். நிலைமாற்றம், அழுத்தம், கொதிநிலை மூன்றையும் ஒரு சமையலறையிலிருந்தே எடுத்துவிடலாம். சூடும் அப்படித்தான். வெயில், காய்ச்சல், அடுப்பு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறோம். வெப்பம் என்பது ஒன்று, வெப்பநிலை என்பது வேறொன்று என்று வகுப்பில் சொன்னால் அது வெறும் மனப்பாடமாகப் போகும். ஒரு கரண்டி கொதிநீரும் ஒரு பானை வெந்நீரும் காட்டி, எது அதிகச் சூடு, எதை வைத்து அதிக ஐஸை உருக்கலாம் என்று கேட்டால் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள்.

தவறான பதிலை விட்டுவிடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் தவறான பதிலைக் கேட்டால் முகம் வாடிவிடுகிறார்கள், அல்லது "இல்லை" என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். எனக்கு இப்போது வகுப்பில் மிகப் பிடித்ததே அந்தப் பதில்கள்தான்.

கொதிக்கும் தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள். இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை இல்லை. பல நாடுகளில் ஆய்வாளர்கள் இதே பதில்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் ஹைட்ரஜனாலும் ஆக்சிஜனாலும் ஆனது, சூடாக்கினால் பொருள்கள் பிரியும், அதனால் பிரிந்து வருகிறது என்று யோசித்திருக்கிறார்கள். யோசனையின் ஓட்டம் சரி. ஒரு அனுமானம்தான் தப்பு. "அப்படியானால் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து நெருப்பைத் தொட்டால் வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் பாட்டிமார் எத்தனை ஆண்டு நெருப்பின் மேல் உலை வைத்திருக்கிறார்கள்! வகுப்பு சிரிக்கும், அப்புறம் அமைதியாகும், பிறகு யாராவது ஒருவர், "அப்போ அது தண்ணீர்தானா? ஆவியா?" என்பார். அந்த "தண்ணீர்தானா" என்ற சொல்லுக்காக நான் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியையும், வந்த தவறான பதிலையும், அதன் பின்னால் இருந்த நியாயத்தையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் பாடக்குறிப்பே அதுதான்.

விரிவுரை மேடை கிடைத்ததும்

ஓரிரு ஆண்டு பிராக்டிக்கல் எடுத்த பிறகு, யாராவது விடுப்பில் போகும்போது ஒரு விரிவுரை உங்களிடம் வரும். என் முதல் விரிவுரைக்கு ஐம்பது நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு ஸ்லைடு கொண்டு போனேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் அதில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், நேரத்துக்கு முடித்தேன், ஒரு கேள்வி வரவில்லை. அடுத்த வார பிராக்டிக்கலில் மோல், அதாவது பொருளின் துகள்களை எண்ணும் அலகு, என்றால் என்ன என்று நான் கேட்டபோது, அந்த விரிவுரையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் குனிந்ததற்கு நான்தான் காரணம் என்று பட்டது.

இப்போது ஒரு விரிவுரைக்கு ஒரு கருத்துதான். மோல் பாடத்துக்கு ஸ்லைடு இல்லை, மூன்று பை. கடைத்தராசில் எடைபோட்ட 342 கிராம் சர்க்கரை ஒன்று. தமாரின் உப்பளத்து உப்பு 58.5 கிராம் இன்னொன்று. மூன்றாவதில் 18 கிராம் தண்ணீர், மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூட. மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, "இவற்றில் எதில் துகள்களின் எண்ணிக்கை அதிகம்?" என்று கேட்பேன். கரும்புத் தீவில் பிறந்த பிள்ளைகள் சர்க்கரைப் பையைத்தான் காட்டுவார்கள், பெரிதாக இருப்பதால். சரி, ஒரு சர்க்கரை மூலக்கூறு எவ்வளவு கனம், ஒரு நீர் மூலக்கூறு எவ்வளவு கனம் என்று போட்டுப் பார்க்கச் சொல்வேன். சர்க்கரையிலும் தண்ணீரிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. உப்பில் மூலக்கூறு கிடையாது, சோடியமும் குளோரினும் சேர்ந்த ஜோடியாக எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் அங்கேயும் அதே எண்ணிக்கை. 6.022-ஐ எழுதி, பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண் அது. 2019 மே 20 முதல் அந்த எண்ணை அளந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை, மோலின் வரையறையாகவே நிலைநிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் முடிந்த பிறகு, தேநீரில் போடும் ஒரு சிறுகரண்டி சர்க்கரை, அதாவது 4 கிராம், எத்தனை மூலக்கூறு என்று வீட்டுக்கணக்குக் கொடுப்பேன். 7-க்குப் பின்னால் 21 பூச்சியம் அளவில் விடை வரும். மறுநாள் அந்த எண்ணைச் சொல்லும்போது பிள்ளைகளின் குரலில் இருக்கும் வியப்பைக் கேட்க வேண்டும்.

நடுவில் ஒரு தடவையாவது அவர்களைப் பேச விடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் முறை எளியது. நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்துக் கை உயர்த்துகிறார்கள். விடை சொல்லாமல், "பக்கத்தில் இருப்பவர் வேறு விடை சொல்லியிருந்தால் அவரை உங்கள் பக்கம் இழுங்கள்" என்று இரண்டு நிமிடம் விடுகிறார். பிறகு மறுபடி கை. நிறைய பேர் சரியான பக்கத்துக்கு வந்திருப்பார்கள். நேற்றுத்தான் புரிந்துகொண்ட தோழிக்கு, புரியாதவளின் தடை எங்கே என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். கருவி எதுவும் வேண்டாம், நான்கு நிற அட்டைகள் போதும்.

இது விளையாட்டு என்று நினைக்கும் மூத்தவர்கள் உங்கள் துறையிலும் இருப்பார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியிட்டது. வெறும் விரிவுரை நடந்த அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் தோற்றவர்கள் நூற்றுக்கு 34 பேர் அளவில். மாணவர்களைச் செயல்பட வைத்த வகுப்புகளில் 22 பேர் அளவில்.

உதாரணம் நம் தீவிலிருந்து வரட்டும்

நம் கையில் இருக்கும் பாடப்புத்தகங்களில் நிறைய, பூமியின் வடபாதியில் இருந்துகொண்டு எழுதியவை. நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும் என்று அதில் படித்துவிட்டு நம் பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல். நமக்கு ஆண்டின் பெரும்பகுதி அது வடக்கே. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில். அதனால் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது, நவம்பர் 22 வாக்கில் ஒரு தடவை, பொங்கல் முடிந்து ஒரு வாரத்துக்குள், ஜனவரி 20 வாக்கில் இன்னொரு தடவை. ஜனவரியில் அந்த நேரம் பகல் 12.20 மணி அளவில். மேகம் இல்லாவிட்டால் வகுப்பை வெளியே கூட்டிப் போங்கள். சிமெண்டுத் தரையில் ஒரு புட்டியை நேராக நிறுத்துங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிப் புட்டியின் அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு தடவை ஒரு மாணவி கையை நீட்டி, தன் கையின் நிழல் காலடியில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றி அன்று நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே கேட்டாள்.

புயலும் அப்படித்தான். 2024-ல் பொங்கலன்று, ஜனவரி 15, பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்த பிள்ளைகள் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, அது எந்தப் பக்கம் சுழல்கிறது, அமெரிக்காவைத் தாக்கும் புயல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கேளுங்கள். நம்முடையது கடிகாரம் சுற்றும் பக்கம், அவர்களுடையது எதிர்ப்பக்கம். கைகழுவும் தொட்டியில் இறங்கும் தண்ணீரும் இப்படித்தான் சுழலும் என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். சொன்னால் விடாதீர்கள், ஆளுக்கு ஒரு தொட்டியில் பத்துத் தடவை பார்த்துக் குறித்து வரச் சொல்லுங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் பூமியின் சுழற்சிக்கு வேலை இல்லை என்று குறிப்புகளே சொல்லும்.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் டாம்பலாகோக் மரம். நம் தீவில் மட்டுமே வளர்வது, விதை கல்போல் தடித்தது. 1977-ல் அமெரிக்கச் சூழலியலாளர் ஸ்டான்லி டெம்பிள் ஒரு கருத்தை வெளியிட்டார்: இந்த விதை டோடோப் பறவையின் வயிற்றுக்குள் போய் அரைபட்டு வந்தால்தான் முளைக்கும், 17-ஆம் நூற்றாண்டில் டோடோ அழிந்ததால் மரமும் அழிந்துகொண்டிருக்கிறது, எஞ்சியவை 300 ஆண்டுக்கு மேற்பட்ட கிழட்டு மரங்கள்தான் என்று. சோதனையும் செய்தார். 17 விதைகளை வான்கோழிகளுக்கு ஊட்டினார். 7 நொறுங்கின. வெளியே வந்த 10-ல் 3 முளைத்தன. உலகமெங்கும் இந்தக் கதை பரவியது. கேட்க அவ்வளவு அழகாக இருந்தது.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். "நம்புகிறீர்களா?" பெரும்பாலும் எல்லாரும் நம்புவார்கள், டோடோ நம் பறவை ஆயிற்றே. "சரி, வான்கோழிக்கு ஊட்டாத விதைகள் எத்தனை முளைத்தன?" அப்போது வரும் அமைதியைப் பாருங்கள். அந்த எண்ணிக்கை சோதனையில் இல்லவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாத சோதனை அது. 1979-ல் மொரீஷியஸ் வனத்துறையைச் சேர்ந்த ஓவாடல்லி மறுப்பு எழுதினார்: வான்கோழி இல்லாமலே எங்கள் துறை இந்த விதைகளை முளைக்க வைத்துக்கொண்டிருக்கிறது, இளைய மரங்களும் காட்டில் இருக்கின்றன என்று. நாற்றங்காலில் தினமும் விதையோடு பழகிய நம் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கதையைத் திருத்தினார். ஒப்பீட்டுச் சோதனை ஏன் வேண்டும் என்று இதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. அவர்களுடைய பிராக்டிக்கல் ரிப்போர்ட்டில் அது தானாக வந்துவிடுகிறது.

ரிப்போர்ட் திருத்தும் நாட்கள்

இதில் அலுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அறுபது ரிப்போர்ட், அதில் பாதி ஒன்றைப் பார்த்து இன்னொன்று. எல்லாத் தவறையும் சிவப்பால் குறிக்க வேண்டாம், ஒரு ரிப்போர்ட்டுக்கு இரண்டு குறிப்பு போதும்: அடுத்த தடவை மாற்ற வேண்டிய ஒன்று, நன்றாக யோசித்திருந்த ஒன்று. ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாமதமாகக் கிடைத்த குறிப்பை யாரும் படிப்பதில்லை. தன் விடை புத்தக விடையோடு பொருந்தவில்லை என்று நேர்மையாக எழுதி, காரணத்தைத் தேடியிருக்கும் பிள்ளைக்கு, எண்ணைத் திருத்தி எழுதிய பிள்ளையைவிட அதிக மதிப்பெண் கொடுங்கள். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, இன்று எது தெளிவாகவில்லை என்று பெயர் போடாமல் ஒரு வரி எழுதச் சொல்லலாம். எந்த மொழியில் எழுதினாலும் சரி. "மிஸ் வேகமாகப் பேசுகிறார்" என்று பன்னிரண்டு தாளில் வந்தால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டியதுதான்.

இந்த வழியில் தொடர்வதா?

ஒரு செமஸ்டர் முடிந்ததும் உங்களை நீங்களே பாருங்கள். வகுப்பு இல்லாத நாளில் ஏதாவது ஒரு மாணவரின் பதில் நினைவுக்கு வருகிறதா? கடையில் எதையாவது பார்த்தால், இதை வகுப்புக்குக் கொண்டு போகலாமே என்று தோன்றுகிறதா? ஒரே சோதனையை ஐந்தாவது குழுவுக்குக் காட்டும்போதும் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கிறதா? ஆம் என்றால் இந்த வேலை உங்களுக்குப் பிடித்துவிட்டது. இல்லை என்றாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆராய்ச்சியில் மட்டும் நிறைவு காண்கிறவர்களும் அறிவியலுக்கு வேண்டும். பிடிக்காமல் கற்பித்தால் அதன் பாரம் பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

தொடர்வதென்றால், மேற்படிப்பை விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் இடத்துக்கு முதுகலைப் பட்டம் அடிப்படை, முனைவர் பட்டம் இருந்தால்தான் போட்டியில் நிற்க முடியும். இடங்கள் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். பகுதிநேர வகுப்புகள் வழியாக அனுபவம் சேர்த்தவர்களே பெரும்பாலும் உள்ளே வருகிறார்கள். மேல்நிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதுதான் உங்களுக்கு ஏற்றது என்று தோன்றினால், ரெடுவியிலேயே, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், 1973-ல் தொடங்கிய மொரீஷியஸ் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது, ஆசிரியர் பயிற்சி அங்கேதான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க, இங்கே 'கொலேஜ்' என்றால் மேல்நிலைப் பள்ளி. விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது செமஸ்டரில் வேறு பாடம் வேண்டுமா என்று துறையில் கேட்பார்கள். அதே முதலாம் ஆண்டு வகுப்பையே மறுபடி கேட்டு வாங்குங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் தவறான பதில்களுக்கு இப்போது உங்களிடம் கேள்விகள் தயாராக இருக்கும். டைட்ரேஷன் வாரத்துக்கு வெள்ளைத் தாள்கள் கூடுதலாக வாங்கி வையுங்கள், ஒவ்வொரு குடுவைக்கும் கீழே ஒன்று விரிக்க.